மின்னொளிப் பந்தயத்தில் ஃபிளாஷ் வேண்டாம்

கோடை நாட்களில் எங்கள் விருதுநகர் மாவட்டத்தில் பகல் வெயிலில் மைதானத்தில் கால் வைப்பதே சிரமம். ஆகவே கபடி, கைப்பந்துப் பந்தயங்கள் பல, பொழுது சாய்ந்த பிறகு விளக்கு வெளிச்சத்தில் நடக்கின்றன. 'மின்னொளிப் போட்டி' என்று சுவரொட்டி ஒட்டுவார்கள். பள்ளி அணிகளும் இவற்றில் ஆடுகின்றன. இந்தச் சிறு பந்தயங்களைத் தேடிப் பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் வருவது அரிது. ஆடிய மாணவிக்கு நினைவாக எஞ்சுவது, கூட்டத்தில் நின்ற பள்ளித் தோழி செல்போனில் எடுத்த படம்தான். அது நன்றாக அமைய வேண்டும் என்று விரும்புவது இயல்பே. ஆனால் அதற்காக ஃபிளாஷைப் போடுவது கூடாது என்பது என் கருத்து. அதனால் படத்துக்குப் பயன் இல்லை, ஆடுபவருக்கோ தொல்லை.

முதலில் படத்தைப் பார்ப்போம். விளக்கிலிருந்து விலக விலக, ஒளியின் செறிவு தொலைவின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. ஃபிளாஷிலிருந்து 3 மீட்டர் தொலைவில் இருப்பவர் மீது விழும் ஒளியில் 16இல் ஒரு பங்குதான் 12 மீட்டரில் இருப்பவர் மீது விழும். பந்தயத்தில் நடப்பது என்ன? உங்களுக்கு முன்னே உட்கார்ந்திருப்பவர்களின் தலைகள் வெள்ளை வெளேரென்று விழுகின்றன. வலைக்கு மேலே எழும்பியவர் இருட்டிலேயே இருக்கிறார்.

அடுத்து, ஆடுபவரின் கண். மங்கிய ஒளியில் நம் கண்பாவை அகலமாக விரிந்திருக்கும். திடீரென்று ஒளி பாய்ந்தால், அது சுருங்கத் தொடங்கவே ஏறத்தாழ 1/5 விநாடி ஆகும். அதற்குள் கூச்சம் ஏற்பட்டுவிடுகிறது. விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் வரும் பந்து, அந்த 1/5 விநாடியில் 3 மீட்டரைக் கடந்துவிடும். பந்து முகத்தில் மோதினால் யார் பொறுப்பு?

ஒரு காலத்தில் ஃபிளாஷ் என்பதே எரியும் தூளாக இருந்தது. 1887இல் ஜெர்மனியில் மீத்தே, கேடிக்கே என்ற இருவர் மக்னீசியம் கலந்த ஒரு தூளை உருவாக்கினார்கள். அதைப் பற்றவைத்தால் கண நேரத்தில் பேரொளி எழும். சிவகாசிப் பட்டாசுகள் பல, அலுமினியத் தூள் எரிவதால் பளிச்சிடுகின்றன. இரண்டும் ஒரே குடும்பத்து வேதியியல்தான். அந்தத் தூள் எத்தனையோ புகைப்படக்காரர்களைச் சுட்டது. அதனால்தான் ஃபிளாஷ் பல்புகள் வந்ததும் அதைக் கைவிட்டார்கள். நம் பகுதி மாணவர்கள் எவரும் இத்தகைய தூளை வீட்டில் கலந்து பார்க்க நினைக்கவே கூடாது. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் 30க்கும் மேற்பட்டோர் இறந்ததை இப்பகுதி மறக்கவில்லை.

அப்படியானால் ஃபிளாஷ் இல்லாமல் எப்படிப் படமெடுப்பது? "விலை உயர்ந்த காமிரா வேண்டும்" என்பார்கள். அகன்ற லென்ஸ் அதிக ஒளியை உள்ளே விடும் என்பது உண்மைதான். ஆனால் கையில் இருப்பது செல்போன் என்றால், அதன் துளையின் அளவு பெரும்பாலும் மாறாதது. நாம் மாற்றக்கூடியவை இரண்டு: ஒளியை உள்ளே விடும் நேரம், உணர்திறன். செல்போனின் 'இரவு' அமைப்பு பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. கோபுரத்துக்கு அது பொருந்தும்; ஓடுபவருக்குப் பொருந்தாது. காமிராவைக் கையால் அமைக்கும் வசதி உங்கள் செல்போனில் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

நேரத்தை 1/100 விநாடி என்று வைக்கலாம். இதற்கு ஒரு காரணம் உண்டு. நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்றுகள் மாறுவது. அதனால் மைதான விளக்குகள் பல, விநாடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. 1/500 விநாடியில் எடுத்தால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் விழும். 1/100 விநாடியில் ஒரு முழுத் துடிப்பின் ஒளியும் உள்ளே வந்துவிடும்.

ஆனால் விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் ஓடுபவர் 1/100 விநாடியில் 6 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவாரே, படம் கலங்காதா என்று நீங்கள் கேட்கலாம். கலங்கும். ஆகவே கணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வலையோரம் நேராக 40 சென்டிமீட்டர் எழும்பிப் பந்தைத் தடுப்பவரை எண்ணிப் பாருங்கள். தரையை விட்டுக் கிளம்பும்போது அவருடைய வேகம் விநாடிக்கு 2.8 மீட்டர், 1/100 விநாடியில் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் நகர்வார். உச்சியிலோ அவருடைய வேகம் சுழி. அங்கே அதே 1/100 விநாடியில் அவர் உடல் ஒரு மில்லிமீட்டர்கூட நகர்வதில்லை! மேலும், காற்றில் இருக்கும் நேரத்தில் பாதியை அவர் உயரத்தின் மேல் கால்பங்கிலேயே கழிக்கிறார். கணக்குப் போட்டுச் சரிபாருங்கள். கபடியிலும், பாடிச் செல்பவர் திசை மாற்றும்போது ஒரு கணம் நிற்கிறார். அந்தக் கணத்துக்குக் காத்திருப்பவருக்கு விலை உயர்ந்த காமிரா தேவையில்லை.

உணர்திறனைக் கூட்டினால் படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிகிறதே என்பது அடுத்த குறை. உணர்திறனைக் கூட்டுவது ஒளியைக் கூட்டுவதாகாது. வந்த ஒளியின் குறிப்பைப் பெருக்குவதே ஆகும். ஒளி, ஃபோட்டான் எனும் துகள்களாக மழைத்துளிபோல் ஒழுங்கின்றி விழுகிறது. சராசரியாக 10,000 துகள்கள் விழும் இடத்தில் ஏற்ற இறக்கம் 100. அதாவது 1 சதவீதம். 100 துகள்களே விழும் இடத்தில் அது 10. அதாவது 10 சதவீதம். புள்ளிகளுக்கு முக்கியமான காரணம் இதுதான்.

இந்தப் புள்ளிகளைக் கண்டு அஞ்ச வேண்டாம். சிவகாசியில் அச்சான நாட்காட்டிப் படத்தை உருப்பெருக்கியால் பாருங்கள். முழுவதும் புள்ளிகளே! கையளவு தள்ளிப் பிடித்தால் அவை மறைந்து முகம் தெரியும். உங்கள் படமும் அப்படித்தான். புள்ளியைக் கண் மன்னித்துவிடும். கலங்கிய முகத்தை எவராலும் மீட்க முடியாது.

பரிசளிப்பின்போது 2 மீட்டர் தொலைவில் நின்று ஃபிளாஷ் போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆட்டம் நடக்கும்போது வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். பந்தயம் தொடங்குமுன் ஒலிபெருக்கியில் இதை ஒரு வரியாக அறிவிக்கும்படி உங்கள் உடற்கல்வி ஆசிரியரிடம் கேளுங்கள்.

இன்று இரவே ஒரு சோதனை செய்யலாம். தெருவிளக்கின் கீழே நண்பரை எழும்பச் சொல்லுங்கள். கிளம்பும்போது ஒன்று, உச்சியில் ஒன்று, இறங்கும்போது ஒன்று என மூன்று படங்கள் எடுங்கள். முகம் எதில் தெளிவாக இருக்கிறது என்று பாருங்கள்.