நிறுவும் மேசையும் வழுப் பதிவேடும்

தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் முதல் ஆண்டுகளில், விண்டோஸுடன் பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளமும் மாணவர்களின் கைக்கு வந்தது. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை அடித்தளமாகக் கொண்டு உருவாக்கி 2007இல் வெளியிட்ட பாஸ், யாரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் கூடிய கட்டற்ற மென்பொருள் ஆகும். அத்தகைய மென்பொருள் தமிழ்நாட்டுச் சிற்றூர் வீடுகளுக்குள் நுழைய அதைவிடப் பெரிய வாய்ப்பு அமைந்ததில்லை எனலாம். ஆனால், ஏற்றித் தரப்பட்ட மென்பொருளில் ஒலி வரவில்லை என்றாலோ எழுத்து சிதைந்தாலோ யாரிடம் சொல்வது என்று தெரியாத மாணவர், அதை விட்டுவிட்டு அடுத்த இயங்குதளத்துக்குப் போய்விடுவார்; அந்தக் குறை எழுதியவரை எட்டாமலே போகும்.

வழு அறிக்கை என்பது, மென்பொருள் எங்கே, எந்தச் சூழலில் தவறுகிறது என்பதை அதை எழுதியவருக்குத் தெரிவிக்கும் குறிப்பு. 1993இல் தொடங்கிய டெபியன், தன் குறைகளை மறைப்பதில்லை என்று 1997இல் ஏற்ற சமூக ஒப்பந்தத்திலேயே எழுதிவைத்து, ஒவ்வோர் அறிக்கைக்கும் ஓர் எண் கொடுத்து, எவரும் படிக்கும்படி பதிவேட்டைத் திறந்து வைத்துள்ளது. நிறுவுதலுக்கென்றே அங்கே தனிப் படிவம் உண்டு. கணினியின் வகை, நினைவகம் ஆகியவற்றை எழுதிய பின், வலையட்டை கண்டறியப்பட்டதா, வட்டு பிரிக்கப்பட்டதா, துவக்க நிரல் ஏறியதா என்று படிப்படியாகக் குறிக்க வேண்டும். நிறுவுதல் சிக்கலின்றி முடிந்தாலும் படிவத்தை அனுப்பச் சொல்கிறார்கள் என்பது பாராட்டத்தக்கது. எந்தக் கணினியில் வேலை செய்கிறது என்ற செய்தியும் அடுத்துவருபவருக்குப் பயன்படும் அல்லவா?

எடுத்துக்காட்டாக, ஆம்பூர் போன்ற தோல் தொழில் வட்டாரத்துக்குப் பொருத்தமான வழு ஒன்றைப் பார்க்கலாம். சரக்குக் கணக்கில் ‘தோல்’ என்று தேடினால், கண்ணெதிரே இருக்கும் வரியே அகப்படாமல் போகலாம். யூனிகோடில் ‘தோ’ என்பதைத் தகரத்துடன் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்த்தும், ஏகாரக் குறியையும் காலையும் தனித்தனியே இட்டும் எழுத முடியும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். இரண்டையும் ஒன்றாகக் கொள்ளும்படி எழுதப்படாத நிரலுக்கோ அவை வெவ்வேறு சொற்கள். ‘தேடல் வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதினால் நிரலாளரால் ஒன்றும் செய்ய இயலாது. எந்த விசைப்பலகையில் தட்டியது, எந்தப் பதிப்பு, எந்தச் சொல் என்பவை சேர்ந்தால் ஒரே மாலையில் காரணம் பிடிபடும்.

இந்த விவரங்கள் மிகத் தெளிவாகக் கிடைக்கும் நேரம், ஒருவர் அருகில் அமர்ந்து நிறுவித் தரும் நேரமே. சென்னை, காஞ்சிபுரம், விழுப்புரம் லினக்ஸ் பயனர் குழுக்களைப் போன்ற ஒன்று, பள்ளிகொண்டாவுக்கும் ஆம்பூருக்கும் நடுவே நெடுஞ்சாலையில் உள்ள மாதனூரில் மாதம் ஒரு முறை மேசை போட்டாலே போதும். பயனர் தமிழில் சொல்வதை அங்கேயே படிவத்தில் எழுதிக்கொண்டு, பழைய பதிவில் அதே வழு உள்ளதா என்று பார்த்து, அது பாஸுக்கு உரியதா, டெபியனுக்கு உரியதா, அதற்கும் மேலே மூல மென்பொருளுக்கு உரியதா என்று பிரித்து, ஆங்கிலத்தில் அனுப்பும் பொறுப்பை ஒருவர் ஏற்க வேண்டும். அறிக்கையின் எண்ணையும், திருத்தம் எந்தப் பதிப்பில் வந்தது என்பதையும் குறை சொன்னவரிடம் திரும்பத் தெரிவிப்பதும் அவர் வேலையே. பதில் கிடைத்தவர்தான் அடுத்த குறையையும் எழுதி அனுப்புவார்.