கல்வி வரி கட்டியாச்சு! கணக்கு எங்கே?

சென்னையில் ஏப்ரலும் அக்டோபரும் பிறந்துவிட்டால் வீட்டுக்காரர்களுக்கு ஒரு கவலை. அரையாண்டு சொத்து வரி கட்டியாக வேண்டும்.

முதல் 30 நாளைக்குள் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி. அதுவும் 5 ஆயிரம் ரூபாய்க்கு மேல் கிடையாது. கெடு தாண்டினால் மாதம் 1 சதவீதம் வட்டி. வரிசையில் நின்று கட்டினாலும் சரி, செல்போனில் கட்டினாலும் சரி, கட்டி முடித்ததும் வருவது பெருமூச்சுதான்!

அந்தப் பெருமூச்சு டீக்கடைக்கு வந்தால் வாக்குவாதம் ஆகிவிடுகிறது.

"வரியை ஏத்திக்கிட்டே போறாங்க. கார்ப்பரேஷன் ஸ்கூலுக்கு வாரிக் கொட்டுறாங்க. என் புள்ள அங்கேயா படிக்குது? நான் எதுக்குய்யா கட்டணும்?" என்கிறார் ஒருவர்.

"ஏழைப் புள்ளைங்க படிக்கிற இடம். அதுக்குப் போய் கணக்குப் பார்க்கலாமா?" என்கிறார் இன்னொருவர்.

இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால், இரண்டு பேருமே ஒன்றைக் கவனிப்பதில்லை. கட்டுகிற வரியில் பள்ளிக்கூடத்தின் பங்கு எவ்வளவு என்று இருவருக்குமே தெரியாது!

ரூபாய்க்கு 20 காசு

சொத்து வரி என்று மொத்தமாகச் சொன்னாலும் அதற்குள் மூன்று உண்டு. ஒன்று பொது வரி. இன்னொன்று நூலக வரி. மூன்றாவது கல்வி வரி.

சென்னையில் நீண்ட காலமாக இருந்து வரும் கணக்கு இது. ஒரு வீட்டின் ஆண்டு மதிப்பு 25 ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். அரையாண்டுக்கு அதில் 12.4 சதவீதம் வரி. அதாவது 3,100 ரூபாய்.

இந்த 3,100-ல் கல்வி வரி 625 ரூபாய். நூலக வரி 225 ரூபாய். மீதி 2,250 ரூபாய் பொது வரி. குப்பை, ரோடு, தெருவிளக்கு, கொசு மருந்து, ஆபீஸ் செலவு எல்லாம் அதில்தான்.

ஆக, ரூபாய்க்குச் சுமார் 20 காசுதான் பள்ளிக்கூடத்துக்கு. இந்தக் கணக்குப்படி பார்த்தால், வரியில் ஆயிரம் ரூபாய் ஏறினால் கல்விப் பங்கு ஏறுவது 200 ரூபாய். "ஸ்கூலால்தான் வரி ஏறிப்போச்சு" என்று முழுப் பழியையும் பிள்ளைகள் தலையில் போடுவது சரியல்ல.

அதற்காக, வரி கட்டுகிறவரின் வேதனையைப் பொய் என்று சொல்லிவிட முடியாது.

24 வருடத் தூக்கம்

பழைய சென்னைப் பகுதியில் 1998-ல் வரி திருத்தப்பட்டது. 2018-ல் உயர்த்தினார்கள். எதிர்ப்பு கிளம்பியது. 2019-ல் அதை நிறுத்தி வைத்தார்கள்.

பிறகு 2022 ஏப்ரலில் வந்தது இடி! பழைய சென்னையில் 600 சதுர அடி வரை உள்ள வீட்டுக்கு 50 சதவீத உயர்வு. 1,200 சதுர அடி வரை 75 சதவீதம். 1,800 வரை 100 சதவீதம். அதற்கு மேல் 150 சதவீதம். வணிகக் கட்டடங்களுக்கும் 150 சதவீதம். 2011-ல் மாநகராட்சியோடு சேர்ந்த பகுதிகளில் வீடுகளுக்குக் கொஞ்சம் குறைவு.

மத்திய நிதிக் குழுவின் மானியம் வேண்டுமானால் சொத்து வரியைச் சீர்திருத்தியாக வேண்டும் என்ற நிபந்தனையை அரசு காரணம் காட்டியது. நிபந்தனை உண்மைதான். ஆனால் 24 வருடம் தூங்கிவிட்டு, ஒரே நாளில் எழுந்து "எடு பணத்தை" என்றால் யாரால் தாங்க முடியும்?

2024 செப்டம்பரில் மேலும் 6 சதவீத உயர்வுக்கு மாநகராட்சி மன்றம் ஒப்புதல் கொடுத்தது. 6 சதவீதம் கேட்பதற்குச் சின்னதாகத்தான் இருக்கிறது. ஆனால் அது வருடா வருடம் சேர்ந்துகொண்டே போனால் 12 வருடத்தில் வரி இரண்டு மடங்காகிவிடும். சம்பளமும் பென்ஷனும் அப்படி ஏறுமா?

வயசான காலத்தில் சொந்த வீட்டில் குடியிருக்கும் ஓய்வூதியக்காரரின் நிலைமை இன்னும் மோசம். அந்தக் காலத்தில் கடனை உடனை வாங்கிக் கட்டிய வீடு. இன்று அந்த இடத்துக்குக் கோடி ரூபாய் மதிப்பு என்கிறார்கள். மதிப்பு ஏறினால் என்ன? அவர் வீட்டை விற்கப் போவதில்லை. மதிப்பு காகிதத்தில். வரி கையில் இருக்கும் காசில்!

மளிகைக் கடைக்காரருக்கும் இதே கதைதான். கட்டடத்துக்கு வரி ஏறினால் சொந்தக்காரர் கடை வாடகையை ஏற்றுகிறார். வியாபாரம் ஏறுகிறதா என்றால், இல்லை.

வாடகைக்காரரும் கட்டுகிறார்

இப்போது எதிர்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

கார்ப்பரேஷன் ஸ்கூலில் படிப்பது யாருடைய பிள்ளைகள்? வீட்டு வேலை செய்யும் அம்மாவின் பிள்ளை. ஆட்டோ ஓட்டுகிறவர் பிள்ளை. கொத்தனார், சித்தாள் பிள்ளை. "அவங்க வரியா கட்டுறாங்க?" என்று கேட்பவர்கள் உண்டு.

கட்டுகிறார்கள்! ஒண்டுக் குடித்தன வாடகையில் வீட்டு வரியும் சேர்ந்தே இருக்கிறது. ரசீதில் பெயர் வீட்டுக்காரருடையது. பணத்தில் பங்கு வாடகைக்காரருடையது. ஆகவே அந்தப் பள்ளிக்கூடம் யாரும் போடுகிற பிச்சை அல்ல.

அங்கே என்ன இருக்க வேண்டும் என்பதைச் சட்டமே சொல்கிறது. 2009-ல் வந்த கட்டாயக் கல்விச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறை வேண்டும். நல்ல குடிதண்ணீர், விளையாட இடம், சுற்றுச்சுவர் வேண்டும்.

இதில் கழிப்பறை ஒன்று சரியில்லாவிட்டால் போதும். பெண் பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வயசுக்கு வந்த பெண்ணை வீட்டோடு நிறுத்திவிடும் தாயும் உண்டு. "செலவைக் குறை" என்று சொல்லும்போது எந்தச் செலவு குறையும் என்று யோசித்துச் சொல்ல வேண்டும்.

ஓரணாச் சாப்பாடு

இந்தச் செலவுச் சண்டை சென்னைக்குப் புதிதல்ல. நூறு வருடப் பழசு!

கல்வி வரி பிறந்ததே 1920-ம் ஆண்டு தொடக்கக் கல்விச் சட்டத்தில்தான். அதே 1920-ல் சர் பிட்டி தியாகராய செட்டியார் மாநகராட்சித் தலைவர். ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதியம் சாப்பாடு போட அந்த வருடம் செப்டம்பர் 16-ந் தேதி மன்றம் தீர்மானம் போட்டது. ஒரு பிள்ளைக்கு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் செலவு கூடாது என்பது கட்டுப்பாடு.

பிறகு மேலும் சில பள்ளிகளுக்குத் திட்டம் போனது. பலன் என்ன தெரியுமா? 5 பள்ளிகளில் 1922-23-ல் 811 பேர் படித்தார்கள். 1924-25-ல் 1,671 பேர்! இரண்டே வருடத்தில் இரண்டு மடங்கு.

ஆனால் தொடக்கக் கல்வி நிதியை இதற்குச் செலவிட வெள்ளைக்கார அரசாங்கம் ஒப்பவில்லை. 1925 ஏப்ரல் 1-ந் தேதியோடு சாப்பாடு நின்றது. அன்று வீண் செலவு என்று நிறுத்திய அதே காரியம் பின்னால் காமராஜர் காலத்தில் தமிழ்நாடு முழுவதும் வந்தது. 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரிவாக்கினார். 2022-ல் காலைச் சாப்பாடும் சேர்ந்தது. ஓரணாவை மிச்சம் பிடித்தவர்களை இன்று யாரும் பாராட்டுவதில்லை!

நாளைக்கு யாருக்கு?

"என் புள்ள அங்கே படிக்கல" என்பவர் கொரோனா காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். 2020, 2021-ல் வேலை போனது, கடை மூடியது. தனியார் பள்ளியில் பீஸ் கட்ட முடியாமல் எத்தனையோ குடும்பங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கே போயின? அரசுப் பள்ளிக்கும் மாநகராட்சிப் பள்ளிக்கும்தான்.

2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் புயல் மழையிலும் வீட்டுக்குள் தண்ணீர் வந்தவர்கள் எங்கே தங்கினார்கள்? பல இடங்களில் அந்தப் பள்ளிக்கூடக் கட்டடத்தில்தான். ஓட்டுச் சாவடியும் அங்கேதான். கார்ப்பரேஷன் ஸ்கூல் நன்றாக இருந்தால் அது தெருவுக்கே நல்லது.

அப்படியானால் கேட்கிற வரியை எல்லாம் வாய் மூடிக் கட்ட வேண்டுமா? வேண்டாம்!

முதலில் யாரிடம்?

வரியை ஏற்றுவதற்கு முன்னால் வரவேண்டிய வரியை வாங்க வேண்டும். பெரிய பாக்கிதாரர்களின் பட்டியலை மாநகராட்சியே வெளியிட்டது உண்டு. பெரிய கட்டடங்கள் பாக்கி வைத்திருக்கும்போது 600 சதுர அடி வீட்டுக்காரர் மட்டும் ஏப்ரல் முதல் வாரத்தில் ஓடி வந்து கட்ட வேண்டுமா?

வீடு என்று கணக்கில் காட்டிவிட்டு ஆபீஸ் நடத்துகிற இடங்கள் இருக்கின்றன. ஒரு மாடிக்கு வரி கட்டிவிட்டு மூன்று மாடி எழுப்பிய இடங்களும் இருக்கின்றன. அளவெடுத்தால் தெரிந்துவிடும். அதை முதலில் செய்தால் சின்ன வீடுகளை இவ்வளவு நெருக்க வேண்டியிருக்காது.

அடுத்தது, சொந்த வீட்டில் தாமே குடியிருக்கும் முதியவர்கள். வேறு வருமானம் இல்லாதவர்களுக்குச் சலுகை கொடுக்கலாம். தவணையில் கட்ட விடலாம். வாடகைக்கு விட்டு மாதா மாதம் லட்சம் வாங்குகிறவரையும், பென்ஷனில் மருந்து வாங்குகிறவரையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது.

செலவிலும் முறை வேண்டும். பிரெஞ்சு வளர்ச்சி முகமையின் உதவியோடு சென்னையில் 28 மாநகராட்சிப் பள்ளிகளை மேம்படுத்தும் திட்டம் வந்தது. நல்ல காரியம். ஆனால் கட்டடம் கட்ட எங்கிருந்தாவது பணம் வந்துவிடும். கட்டிய பிறகு தினமும் கழிப்பறை கழுவ, குழாய் மாற்ற, வாட்ச்மேன் வைக்க, உடைந்த பெஞ்சைச் சரிசெய்ய யாரும் உதவி கொடுக்க மாட்டார்கள். அது உள்ளூர்க் காசில்தான் நடக்க வேண்டும். கல்வி வரிக்கு முதல் வேலை அதுதான். அலங்கார வளைவும் கல்வெட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பள்ளி வாசலில் பலகை

இதற்கெல்லாம் மேலாக ஒன்று செய்ய வேண்டும். செலவு அதிகம் இல்லாத காரியம்.

ஒவ்வொரு வரி ரசீதிலும் கல்வி வரி எவ்வளவு என்று தனியாக, கண்ணில் படும்படி அச்சிட வேண்டும். ஒவ்வொரு மாநகராட்சிப் பள்ளி வாசலிலும் ஒரு பலகை வைக்க வேண்டும். "இந்த வட்டாரத்தில் இந்த வருடம் வசூலான கல்வி வரி இவ்வளவு. இந்தப் பள்ளிக்குச் செலவானது இவ்வளவு. கழிப்பறைக்கு இவ்வளவு. தண்ணீருக்கு இவ்வளவு" என்று தமிழில் எழுதி வைக்க வேண்டும்.

எல்லா வட்டாரத்திலும் வசூலும் செலவும் சமமாக இருக்காது. இருக்கவும் கூடாது. தியாகராய நகரில் வசூலாகும் பணம் வியாசர்பாடிப் பிள்ளைக்குப் போவதுதான் நியாயம். ஆனால் போனது என்று தெரிய வேண்டும்.

கோவிலில் டியூப் லைட் வாங்கிக் கொடுத்தவர்கூட அதில் பெயர் எழுதி வைக்கிறார். எழுதியிருப்பதைப் பார்த்து அடுத்தவரும் கொடுக்கிறார். 625 ரூபாய் கல்வி வரி கட்டியவருக்கு அது எங்கே போனது என்று கேட்க உரிமை இல்லையா?

அந்தப் பலகை இருந்தால் டீக்கடைப் பேச்சு மாறும். "எதுக்குய்யா கட்டணும்?" என்பவர் பலகையைப் படிப்பார். "தண்ணிக்கு இவ்வளவுன்னு போட்டிருக்கே, குழாய்ல தண்ணி வரலியே?" என்று கவுன்சிலரிடம் கேட்பார். அப்படி நாலு பேர் கேட்டால் குழாயில் தண்ணீர் வரும்!

வரி கட்டுகிறவரும் பிள்ளையைப் படிக்க அனுப்புகிறவரும் எதிரிகள் அல்ல. இருவருக்கும் கணக்குச் சொல்லாமல் இருப்பதுதான் இருவரையும் மோத விடுகிறது.

அடுத்த அரையாண்டு ரசீது வருவதற்குள் அந்தப் பலகை வருமா? மாநகராட்சி மனசு வைக்குமா?