ஜோ யாரை மணப்பாள்?

எம் வீட்டில் ஒரு மாதமாக நாளெண்ணும் படலம் நடந்துவருகின்றது. உயர்தர வகுப்பிற் கற்கும் எம் மகளும் பெறாமகளும் தமக்கு விருப்பமான ஆங்கில எழுத்தாளர் ஒருவரின் புதிய நாவலுக்காகக் காத்திருக்கின்றனர். நாட்காட்டியில் வட்டமிட்ட திகதி நெருங்க நெருங்க அவர்களிடையே ஒரு வழக்கும் வலுத்துவருகின்றது. முந்திய நூலின் நாயகி இந்நூலில் எவனை மணக்கவேண்டும் என்பதே வழக்கு. தாம் விரும்பியவாறு எழுத்தாளர் எழுதாவிடில் என்ன செய்வது என்ற கவலை மட்டும் இருவருக்கும் பொது.

இஃது இக்காலத்துப் பைத்தியம் என்று வீட்டிலுள்ள பெரியோர் முணுமுணுக்கின்றனர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. இவ்வழக்கு 1868ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் நடந்திருக்கின்றது.

அவ்வாண்டு செப்டெம்பர் இறுதியில், லூயிசா மே அல்கொட் அம்மையார் எழுதிய 'லிட்டில் விமன்' நாவலின் முதற்பாகம் பொஸ்டன் நகரில் வெளியாயிற்று. தந்தை உள்நாட்டுப் போருக்குச் சென்றுவிட, தாயின் அரவணைப்பில் வாழும் மெக், ஜோ, பெத், ஏமி என்னும் நான்கு சகோதரிகளின் கதை அது. அம்மையார் அதனை ஆசைப்பட்டு எழுதவில்லை. சிறுமியருக்கு ஒரு நூல் வேண்டுமெனப் பதிப்பாளர் தோமஸ் நைல்ஸ் கேட்டார். குடும்பத்துக்கோ பணம் வேண்டியிருந்தது. தொடக்க அத்தியாயங்கள் சுவையற்றவை என்றே இருவருக்கும் தோன்றிற்று. ஆயினும் முதலில் அச்சிட்ட 2000 பிரதிகள் விரைவிலேயே விற்றுத் தீர்ந்தன. இரண்டாம் பாகத்தை அம்மையார் நவம்பர் முதலாந் திகதி எழுதத் தொடங்கினார்.

அதற்குள் சிறுமியரிடமிருந்து கடிதங்கள் வந்துவிட்டன. அடுத்த வீட்டு இளைஞன் லோறியை ஜோ மணப்பாளா? மரமேறித் திரிந்து, கதையெழுதி, தந்தைக்காகத் தன் கூந்தலையே விற்ற ஜோவில் அம்மையார் தம்மையே வரைந்திருந்தார். அவரோ கடைசிவரை மணஞ்செய்யாது வாழ்ந்தவர். திருமணத்தை விட்டாற் பெண்ணுக்கு வேறு கதியில்லையோ எனத் தம் நாட்குறிப்பிற் சினந்து கொண்டார். எவரைத் திருப்திப்படுத்தவும் ஜோவை லோறிக்குக் கொடுப்பதில்லை என்றும் அதில் எழுதி வைத்தார். ஜோ மணமாகாத எழுத்தாளராகவே இருந்திருக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். ஆனால் வாசகியரின் வேண்டுகோளை முற்றாக மறுக்கத் துணியவில்லை. ஆகவே, குறும்பாக ஒரு வழி கண்டார். நாற்பதை எட்டும் வயதுடைய பேயர் என்ற ஜேர்மன் ஆசிரியரை ஜோவுக்குக் கணவராக்கினார். லோறி ஏமியை மணந்தான். மாணவப் பருவத்தில், லோறியை ஜோ மறுக்கும் அத்தியாயத்தோடு நாம் கோபங்கொண்டு நூலை மூடிவைத்தோம். மீண்டுந் திறக்க இரண்டு நாட் சென்றது. அந்த ஆசிரியர் மீது இன்றுவரை எமக்குப் பெரிய ஈடுபாடில்லை. ஆனால் லோறியை மறுத்தது சரியென்றே இப்போது படுகின்றது.

இதனினும் எம்மை வருத்துவது பெத்தின் கதை. முதற்பாகத்தில் ஏழைக் குழந்தையொன்றைப் பராமரிக்கப் போய்ச் செங்காய்ச்சல் கண்டு, அவள் பிழைத்துக்கொள்கிறாள். அதனை வாசித்த சிறுமியர் ஆறுதற்பெருமூச்சு விட்டிருப்பர். அம்மையாரின் தங்கை எலிசபெத்தும் அதே காய்ச்சலுக்கு ஆளானவர். அவர் முன்னைய உடல்நலத்தை மீண்டும் பெறவேயில்லை. 1858 மார்ச்சில் இறந்தார். 1869 ஏப்ரிலில் வெளியான இரண்டாம் பாகத்தில் பெத்தும் இறக்கின்றாள். கலியாணச் செய்தி தேடி நூலைத் திறந்த பிள்ளைகளுக்கு, பத்தாண்டுகளாகத் தம்முள் வைத்திருந்த துயரத்தை அம்மையார் கொடுத்தார். அதைத் தரும்படி எந்த வாசகர் கடிதம் எழுதியிருக்க முடியும்?

ஜோவின் வழக்கு பின்னரும் ஓயவில்லை. 2019இல் கிறேற்றா கேர்விக் இயக்கிய திரைப்படத்தில், நாயகிக்கு மணமுடிக்கத்தான் வேண்டுமா என்று ஜோ பதிப்பாளருடன் பேரம் பேசுகின்றாள்.

இக்கதை முழுவதையும் இரவு உணவின்போது பிள்ளைகளுக்குச் சொன்னோம். பெறாமகள் நெடுநேரம் பேசாதிருந்தாள். பின்னர், "அப்படியானால் எங்கள் புத்தகத்திலும் யாராவது செத்துப்போவார்களா, பெரியப்பா?" என்று கேட்டாள். நாட்காட்டியில் இன்னும் பதினொரு நாட்கள் இருக்கின்றன.