திருச்சி வானில் தூரமும் காலமும்

திருச்சிராப்பள்ளியிலிருந்து சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் ஏறக்குறைய 2,980 கிலோமீட்டர். துபாய் ஏறக்குறைய 2,940. கிழக்கே ஒன்றும் மேற்கே ஒன்றுமாகக் கிட்டத்தட்டச் சமதூரத்தில் அமைந்த இவ்விரண்டு ஊர்களுக்கும் ஆகாய மார்க்கத்தில் நான்கு மணி நேரம் போலத்தான் ஆகிறதென்றாலும், காலை 10 மணிக்கு இங்கே புறப்படுகிறவர் துபாயில் இறங்கும்போது அங்கே பகல் 12.30 ஆகவும், சிங்கப்பூரில் இறங்கும்போது மாலை 4.30 ஆகவும் இருக்கக் காண்கிறார். சீட்டில் அச்சாகும் இருவேளைகளும் அந்தந்த ஊரின் கடிகாரப்படியே என்பதை முகவர் எடுத்துச் சொல்லாவிட்டால், ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துப் பார்க்கும் பிரயாணி ஏமாந்துதான் போவார்.

கிழக்கே செல்லும் விமானம் எப்போதும் விரைந்து போகும் என்ற பொது விதியையும் இங்கே நம்பிவிடக் கூடாது. தென்மேற்குப் பருவ மாதங்களில் நம் தலைக்கு மேலே உயர் வானில் காற்று கிழக்கிலிருந்து மேற்காக வீசுகிறது. அந்தக் கீழைத் தாரைக் காற்றை 1950களில் ஆராய்ந்து உலகறியச் செய்தவர் நம் நாட்டு வானிலை அறிஞர் கோட்டீஸ்வரம் என்பது நமக்குப் பெருமை.

ஆயினும் நிமிஷங்களைப் பற்றிய இந்த விஷயங்களைவிட, ஒரு முழு நாளையே பறித்துவிடும் பிழை ஒன்றுதான் நம்மைப் பெரிதும் கவலைப்படுத்துகிறது. பஞ்சாங்கத்தை அனுசரித்து வாழும் ஸ்ரீரங்கத்துக் குடும்பங்களில் கிழமை என்பது சூரியோதயத்தில் பிறந்து மறு சூரியோதயத்தில் முடிவது. விமானக் கம்பெனியின் கிழமையோ நள்ளிரவிலேயே மாறிவிடுகிறது. செவ்வாய்க்கிழமை 00.40 என்று சீட்டில் கண்டிருந்தால், அதைச் செவ்வாய் இரவு என்று பொருள் கொண்டு, பேரனைப் பார்க்கச் சிங்கப்பூர் புறப்படும் முதியவர் அன்று மாலை பெருமாளைச் சேவித்துவிட்டு, பெட்டி படுக்கையுடன் காவிரிப் பாலத்தைத் தாண்டி நிலையத்துக்கு வந்து சேரும் வேளையில், அவருடைய விமானம் முந்தின இரவே போயிருக்கும். குற்றம் அவருடையதன்று, அவர் பிறந்தது முதல் எண்ணி வந்த முறைப்படி அவர் கணக்கு சரியானதே. சீட்டைக் கையில் கொடுத்த நாம்தான் அவருடைய நாளைக் கம்பெனியின் நாளாக மாற்றிச் சொல்லத் தவறினோம்.

2024 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்ட புதிய முனையம் விசாலமானது, சௌகரியமானது. ஆனால் தேதி தவறி வருகிறவருக்கு அதனால் பயனில்லை. ஆகவே நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையே புறப்படும் ஒவ்வொரு சீட்டின் மேலும், “திங்கட்கிழமை இரவு 8.30க்கு வீட்டிலிருந்து கிளம்பவும், 9.40க்குள் விமான நிலையத்தில் இருக்கவும்” என்பதுபோலத் தமிழில், பெரிய எழுத்தில், கைப்பட எழுதிக் கொடுத்து, அதைப் பிரயாணியின் வாயாலேயே ஒரு முறை திருப்பிச் சொல்லச் செய்யும் வழக்கத்தை, நம் தொழிலன்பர் அனைவரும் இன்றே மேற்கொள்ள வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.