ரிக்கற்றை ஒளித்து வைக்கும் பிள்ளைகள்

சென்ற மாதத்தில் ஓர் இரவு, நேரம் பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. ஸ்காபரோவில் மார்க்கம் வீதி வழியாக ஒரு தாயும் மகனும் வீடு திரும்பிக்கொண்டிருந்தனர். தாய் அலுவலகக் கட்டிடம் ஒன்றைத் துப்புரவு செய்யும் பணியை முடித்து வருகின்றார். மகனுக்கு வயது 19. ஜீ-2 அனுமதிப்பத்திரத்துடன் தந்தையின் காரைச் செலுத்துகின்றார். பின்னால் பொலிஸ் வாகனத்தின் விளக்குகள் மின்னின. மகன் முறையாகவே காரை வீதியோரம் நிறுத்தினார். ஆனால் கார் நின்றதும் தாய் கதவைத் திறந்து இறங்கிவிட்டார். இறங்கியவர் இரு கைகளையும் கூப்பியபடி பொலிஸ் உத்தியோகத்தரை நோக்கி நடக்கத் தொடங்கினார். "காருக்குள் போ" என அவர் ஆங்கிலத்தில் உரத்துக் கத்தினார். அது தாய்க்கு விளங்கவில்லை. மேலும் இரண்டு அடி வைத்தார். மகன் உள்ளிருந்து "அம்மா, ஏறுங்கோ, ஏறுங்கோ" என்று அலறிய பின்னரே நின்றார்.

அத்தாய் ஏன் இறங்கினார் என்பதை எமது வாசகர்களுக்கு நாம் விளக்கவேண்டியதில்லை. எமது மண்ணில் சோதனைச்சாவடியில் இறங்காதவர் யார்? பஸ்ஸிலிருந்து இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்து, வரிசையில் நடந்து, மறுபுறம் போய் ஏறிய சனங்கள் நாங்கள். இருக்கையில் அமர்ந்திருப்பது திமிராகக் கருதப்பட்ட காலம் அது. அத்தாயின் தம்பி வவுனியாவில் அவ்வாறு இறக்கப்பட்டவர். பஸ் புறப்பட்டபோது அவர் ஏறவில்லை. இன்றுவரை எந்தச் செய்தியும் இல்லை. இந்நாட்டிலோ நிலைமை நேர்மாறானது. மறிக்கப்பட்ட காரிலிருந்து ஒருவர் இறங்கி வந்தால், தம்மைத் தாக்க வருகின்றாரோ என்றே பொலிஸார் முதலில் எண்ணுவர். அங்கே உயிரைக் காத்த பழக்கம் இங்கே உயிருக்கு ஆபத்தாக முடியக்கூடும்.

அன்றிரவு பொலிஸார் கூறிய செய்தி யாதெனில், மகனின் அனுமதிப்பத்திரம் பல வாரங்களுக்கு முன்னரே இடைநிறுத்தப்பட்டுவிட்டது என்பதாகும். பெற்றோர் அதிர்ந்து போயினர். மகன் அதிர்ந்தாராயினும் முற்றாக வியப்படையவில்லை. காரணம், சென்ற ஆண்டின் இறுதியில் 'ஸ்ரொப்' அடையாளத்தில் முற்றாக நிறுத்தாமற் சென்றமைக்காக அவருக்கு ஒரு ரிக்கற் கொடுக்கப்பட்டிருந்தது. 110 டொலரும் 3 டிமெரிற் புள்ளிகளும் கொண்ட விடயம். தந்தைக்குப் பயந்து அதனைக் கல்லூரிப் புத்தகம் ஒன்றினுள் ஒளித்து வைத்துவிட்டார். அடுத்த மாதமே குடும்பம் நிலவறை வீட்டிலிருந்து தொடர்மாடிக்கு இடம்பெயர்ந்தது. முகவரி மாற்றத்தை எவரும் போக்குவரத்து அமைச்சுக்கு அறிவிக்கவில்லை. ரிக்கற்றுக்குப் பதிலளிக்காததால் அவர் இல்லாமலேயே குற்றவாளி எனப் பதிவாகியது. தண்டப்பணம் கட்டப்படாததால் அனுமதிப்பத்திரம் இடைநிறுத்தப்பட்டது. அறிவித்தல்கள் எல்லாம் பழைய நிலவறையின் தபாற்பெட்டியிற் போய்க் கிடந்தன. இப்பொழுது அவர் மீதுள்ள வழக்கு, இடைநிறுத்தப்பட்ட அனுமதிப்பத்திரத்துடன் வாகனம் செலுத்தியமை. முதற்தடவைக்கே தண்டம் 1,000 டொலரிலிருந்து 5,000 டொலர் வரை. ஆறு மாதம் வரை சிறையும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. 110 டொலர் எங்கே, இது எங்கே!

பிள்ளை ஏன் ஒளித்தது? தந்தை அடிப்பார் என்று மட்டுமல்ல. எமது வீடுகளில் 'பொலிஸ்' என்ற சொல்லே கதவை மூடிவிட்டுப் பேசவேண்டிய சொல். பொலிஸ் பிடித்தது என்றால் கேஸ் பாதிக்கப்படும், கேஸ் பாதிக்கப்பட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று தாய்மார் சொல்லிச் சொல்லியே வளர்க்கின்றனர். ஆகவே பிள்ளை ஒளிக்கின்றது. இன்னுமொரு காரணத்தையும் நாம் கவனித்திருக்கின்றோம். இலங்கையில் பொலிஸார் சாரதி அனுமதிப்பத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டு துண்டு ஒன்றைத் தருவர். தபாற்கந்தோரிற் தண்டம் கட்டி, பற்றுச்சீட்டைக் காட்டித்தான் அதனை முன்னர் மீளப் பெறவேண்டியிருந்தது. இங்கே அனுமதிப்பத்திரத்தைத் திருப்பிக் கையில் தந்துவிடுகின்றார்கள். 'நல்ல இரவாகட்டும்' என்றும் சொல்லிச் செல்கின்றார்கள். கையில் லைசன்ஸ் இருப்பதால் விடயம் முடிந்துவிட்டது என்று எண்ணிவிடுகின்றோம்.

விடயம் அப்பொழுதுதான் தொடங்குகின்றது. ஒன்ராறியோவில் ரிக்கற் கையிற் கிடைத்த நாளிலிருந்து 15 நாட்களுக்குள் பதிலளிக்க வேண்டும். பணத்தைக் கட்டலாம், வழக்குத் தொடுநரைச் சந்தித்துப் பேசக் கேட்கலாம், விசாரணை கோரலாம். இவற்றுள் எதைத் தெரிவு செய்வது என்பது அவரவர் நிலையைப் பொறுத்தது. ஆனால் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: பணத்தைக் கட்டுவது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகும். 'சனியன் தொலையட்டும்' என்று கட்டிவிட்டுப் பின்னர் நியாயம் கேட்க முடியாது. விசாரணை கோருவோர் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென முற்கூட்டியே குறிப்பிடலாம்; அதற்குக் கட்டணம் இல்லை. மகனையோ மகளையோ மொழிபெயர்க்க அழைத்துச் செல்லவேண்டிய அவசியமில்லை. பதிலளிக்காமல் விட்டுத் தண்டனை பதிவாகிவிட்டால், அதனை அறிந்த 15 நாட்களுக்குள் வழக்கை மீளத் திறக்குமாறு விண்ணப்பிக்கும் வழி ஒன்றும் உண்டு. ஆயினும் தமது தவறின்றி அவ்வாறு நேர்ந்தது எனக் காட்டவேண்டும். நாம் மேலே கூறிய இளைஞருக்கு ரிக்கற் கையிலேயே கொடுக்கப்பட்டிருந்ததால் அக்கதவு இலகுவில் திறக்கவில்லை.

டிமெரிற் புள்ளிகள் பற்றி எம்மவரிடையே உலவும் கதைகள் அநேகம். புள்ளிகள் கழிக்கப்படுவதில்லை, பூச்சியத்திலிருந்து சேர்க்கப்படுகின்றன. குற்றம் நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் நிற்கும். முழு அனுமதிப்பத்திரம் உள்ளவருக்கு 15 புள்ளிகளில் இடைநிறுத்தம் வரும். ஜீ-1, ஜீ-2 உள்ள புதிய சாரதிகளுக்கோ 9 புள்ளிகளே போதும். 60 நாட்கள் வாகனம் செலுத்த முடியாது. அதனிலும் முக்கியமாக, நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட புள்ளிகளைக் கொண்ட ஒரேயொரு குற்றத்திற்கே புதிய சாரதி 30 நாட்கள் இடைநிறுத்தப்படுவார். இரண்டாந்தடவை 90 நாட்கள். மூன்றாந்தடவை அனுமதிப்பத்திரமே இரத்தாகும். எழுத்துப் பரீட்சையிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். மணிக்கு 30 கிலோமீற்றர் மேலதிகமாக ஓடினால் 4 புள்ளிகள் என்பதையும் இவ்விடத்தில் நினைவிற்கொள்ளுதல் நன்று. நெடுஞ்சாலையிற் புதுக் கார் ஒன்றில் அது காலின் ஓர் அழுத்தம்.

காப்புறுதி நிறுவனம் புள்ளிகளைப் பார்ப்பதில்லை. அது தண்டனைப் பதிவுகளையே பார்க்கின்றது. பொதுவாக மூன்று ஆண்டுகளுக்கு. 'புள்ளி இல்லாமற் செய்து தருகிறோம்' என்று விளம்பரம் செய்வோர் இதனைச் சொல்வதில்லை. அவ்விளம்பரங்கள் எமது பத்திரிகையிலும் வருகின்றன என்பதை ஒளிக்காமற் கூறிவிடுகின்றோம். அவர்களில் நேர்மையான, திறமையான பராலீகல்கள் பலர் உளர். 2007 முதல் அவர்கள் அனைவரும் ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். பணம் கொடுக்கு முன்னர் உரிமம் உண்டா எனக் கேளுங்கள். புள்ளி குறையுமா என்று மட்டும் கேட்காதீர்கள். தண்டனை பதிவாகுமா என்று கேளுங்கள். மகன் ஒவ்வொரு நாளும் செலுத்தும் காரைத் தந்தை மட்டுமே செலுத்துவதாகக் காப்புறுதிக்கு எழுதிக் கொடுத்துள்ள குடும்பங்களையும் நாம் அறிவோம். விபத்து ஒன்று நேரும் நாளில் அந்தப் பொய்யின் விலை தெரியவரும்.

இனி, எல்லோரும் தாழ்ந்த குரலிற் கேட்கும் கேள்விக்கு வருவோம். ரிக்கற்றால் கேஸ் பாதிக்கப்படுமா? அத்தாயும் எம்மிடம் முதலிற் கேட்டது இதனைத்தான். மகனின் வழக்கு என்னவாகும் என்பதைப் பின்னரே கேட்டார். வேகமாக ஓடியமை, சிவப்பு விளக்கைக் கடந்தமை, ஸ்ரொப் அடையாளத்தில் நில்லாமை, ஏன், இடைநிறுத்தப்பட்ட அனுமதிப்பத்திரத்துடன் ஓடியமைகூட மாகாண நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழான குற்றங்களே. அவை மத்திய அரசின் குற்றவியற் சட்டக்கோவையின் கீழ் வருவன அல்ல. அவற்றுக்காக அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்படுவதில்லை.

ஆனால் கோட்டுக்கு மறுபுறம் உள்ளவை வேறு. மதுபோதையில் வாகனம் செலுத்துதல், மூச்சுப் பரிசோதனைக்கு மறுத்தல், ஆபத்தான முறையில் செலுத்துதல், பொலிஸார் மறிக்கும்போது நில்லாமல் ஓடித் தப்ப முயலுதல் ஆகியன குற்றவியற் சட்டக்கோவைக் குற்றங்கள். 2018 டிசெம்பர் 18 முதல் இவற்றுக்கான அதிகபட்சத் தண்டனை 10 ஆண்டுச் சிறையாகியுள்ளது. அதுவரை மதுபோதைக்கு அது 5 ஆண்டாகவே இருந்தது. 10 ஆண்டு என்ற அந்த எண்தான் குடிவரவுச் சட்டத்தில் 'பாரதூரமான குற்றம்' என்பதன் எல்லை. நீதிமன்றம் தண்டப்பணத்துடன் விட்டாலுங்கூட, விதிக்கக்கூடிய உச்சத் தண்டனையையே அச்சட்டம் பார்க்கின்றது. நிரந்தர வதிவுரிமை பெற்றவரும் அதனை இழந்து நாடு கடத்தப்படலாம். அகதிக் கோரிக்கை இன்னும் விசாரிக்கப்படாதவர் அவ்விசாரணைக்கான தகுதியையே இழக்கலாம். எனவே, ரிக்கற்றைக் கண்டு நடுங்கும் தந்தையார், கலியாண வீட்டில் இரண்டு கிளாஸ் அருந்திவிட்டுத் திறப்பை எடுக்கும்போது நடுங்குவதில்லையே என்பதுதான் எமது கவலை. புதிய சாரதிகளுக்கும், 21 வயதும் அதற்குட்பட்டவர்களுக்கும் ஒரு துளி மதுவுக்கும் இடமில்லை என்பதையும் வீட்டிற் சொல்லி வையுங்கள்.

கோட்டைத் தாண்டும் வேறு இரண்டு வழிகளும் எம்மிடையே உண்டு. ஒன்று, "தம்பி, நான்தான் ஓடினதெண்டு சொல்லுறன், நீ பேசாமல் இரு" என்று தந்தை பழியை ஏற்பது. பாசத்தாற் செய்வதாயினும், பொலிஸாருக்குப் பொய்யான வாக்குமூலம் கொடுப்பது தந்தையையும் மகனையும் ஒருங்கே குற்றவியல் வழக்கில் மாட்டிவிடும். மற்றையது, அனுமதிப்பத்திரத்தினுள் மடித்து வைத்த இருபது டொலர். அங்கே அது நடைமுறை. இங்கே பொலிஸ் உத்தியோகத்தருக்குக் கைலஞ்சம் கொடுப்பது 14 ஆண்டு வரை சிறை விதிக்கக்கூடிய குற்றம். மூன்று புள்ளிக்காகப் பதினான்கு ஆண்டை அழைப்பார் உண்டோ?

மறிக்கப்பட்டால் செய்யவேண்டியது அதிகமில்லை. வலப்புறம் ஒதுங்கி நிறுத்துங்கள், இரவாயின் உள்விளக்கைப் போடுங்கள், கைகளைச் சுக்கானின் மேல் வையுங்கள், இறங்காதீர்கள், பொலிஸார் கேட்கு முன்னர் பெட்டியையோ பையையோ துழாவாதீர்கள். சாரதி அனுமதிப்பத்திரம், வாகனப் பதிவுப்பத்திரம், காப்புறுதி அட்டை ஆகியவற்றைக் கேட்டால் கொடுத்தே ஆகவேண்டும். எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய், கூட இருப்பவன் யார் என்ற கேள்விகளுக்கு விடை கூறாமல் இருக்க உரிமையுண்டு. அதனையும் பணிவாகவே கூறலாம். கைது செய்யப்பட்டால் சட்டத்தரணியுடன் பேசும் உரிமையை உடனே கேட்க வேண்டும்.

எமது இளைஞர்கள் இதனைப் படித்துவிட்டு, "நாங்கள் பிழை செய்யாமலே மறிக்கிறார்களே" என்று கேட்பார்கள். அது நியாயமான கேள்வி. ஒரு காரில் நான்கு தமிழ்ப் பெடியன்கள் இருந்தாற் கோஷ்டி என்று பார்க்கப்பட்ட 1990களை நாம் மறக்கவில்லை. சாரதியின் பத்திரங்களைச் சோதிப்பதற்காக எழுந்தமானமாக வாகனத்தை மறிக்கலாம் என 1990இல் கனடிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீதியில் நிற்பவரை மறித்து விபரம் திரட்டுவதைக் கட்டுப்படுத்தும் ஒன்ராறியோ ஒழுங்குவிதி 2017 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் வாகனச் சாரதி சட்டப்படி காட்டவேண்டிய பத்திரங்களை அது தொடவில்லை. ஆகவே வீதியோரத்தில் நின்று வாதாடி வெல்ல முடியாது. உத்தியோகத்தரின் பெயரையும் இலக்கத்தையும், இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு வீடு சென்று, ஆறு மாதங்களுக்குள் முறைப்பாடு செய்யலாம். 2024 ஏப்ரலிலிருந்து அதற்கான மாகாண முறைப்பாட்டு அமைப்பு புதிய பெயருடன் இயங்குகின்றது. முறைப்பாடு செய்தால் 'கேஸ்' கெடும் என்ற பயமும் ஆதாரமற்றது.

அந்தக் குடும்பத்தின் நிலை இதுதான்: பழைய தண்டத்தைக் கட்டினார்கள். அனுமதிப்பத்திரத்தை மீளப் பெறும் கட்டணத்தையும் கட்டினார்கள். புதிய வழக்கு இன்னும் முடியவில்லை. பராலீகல் ஒருவர் ஆஜராகின்றார். மகன் இப்பொழுது பஸ்ஸில் கல்லூரிக்குச் செல்கின்றார். தந்தை அவரை ஏசவில்லையாம். "எனக்குச் சொல்லியிருக்கலாமே" என்று ஒருமுறை கேட்டாராம். பின்னர் அதுபற்றி எதுவும் பேசவில்லையாம்.

வீடு மாறினால் ஆறு நாட்களுக்குள் முகவரி மாற்றத்தை அறிவிக்க வேண்டும் என்பது இம்மாகாணச் சட்டம். இப்பத்தியை எழுதி முடித்தபின், ஓர் ஐயத்தில் எமது சொந்த அனுமதிப்பத்திரத்தை எடுத்துப் பார்த்தோம். சென்ற ஆடி மாதம் நாம் விட்டு வந்த வீட்டின் இலக்கமே அதில் இருந்தது.