வெட்டியது போய்விட்டதா?



எங்கள் வகுப்பின் ஆண்டு மலருக்குப் படம் தேடினோம். அசல் போட்டோக்கள் யாரிடமும் இல்லை. பழைய வேர்டு ஃபைல் ஒன்றுதான் கிடைத்தது. பிரின்ட் ஸ்கிரீன் எடுத்துப் பெரிதாக்கினால் முகமெல்லாம் கட்டம் கட்டமாக மங்கிப் போச்சு.

அப்போது கம்ப்யூட்டர் சார் ஒரு வழி சொன்னார். ஆபீஸ் 2007 முதல் வந்த ‘டாக்எக்ஸ்’ ஃபைல் உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். அதைக் காப்பி எடுத்து, பெயரின் கடைசியில் ‘ஜிப்’ என்று மாற்றித் திறக்க வேண்டும். உள்ளே ‘வேர்டு’ என்ற ஃபோல்டர், அதற்குள் ‘மீடியா’ என்ற ஃபோல்டர். படங்களெல்லாம் வரிசையாக அங்கே இருந்தன. எங்களுக்கு ஒரே சந்தோஷம்!

ஒரு படத்தைத் திறந்ததும் சிரிப்பு நின்றது. வேர்டில் பார்த்தபோது, ஷீல்டு பிடித்த நான்கு பேர் மட்டும்தான் அதில் இருந்தார்கள். வெளியே எடுத்த படத்தில் பக்கத்துக் கரும்பலகையும் இருந்தது. அதில் பரீட்சை ஃபீஸ் கட்டாதவர்களின் பெயர்கள். அதில் ஒரு பெயர், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழியுடையது. அவள் ஒன்றும் பேசவில்லை. தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

யாரோ நல்ல மனசோடுதான் அந்தப் பகுதியை வெட்டியிருக்கிறார்கள். ஆனால் வேர்டில் ‘க்ராப்’ செய்வது கத்தரிக்கோலால் வெட்டுவது அல்ல. சார்ட் பேப்பரின் ஓரத்தைப் பின்னால் மடிச்சு வைக்கிற மாதிரிதான். பிரித்தால் தெரிந்துவிடும். பிடிஎஃப்பில் ஒரு படத்தின் மேல் கறுப்புக் கட்டம் மட்டும் வரைந்தாலும் இதே கதைதான். அடியில் உள்ள படத்தைத் தனியாக எடுத்துவிடலாம்.

“அப்போ இந்த வித்தையை யாருக்கும் சொல்லித் தரக்கூடாது” என்கிறார்கள் சிலர். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பிரிக்கத் தெரிந்தவருக்குத்தான் சரியாக மறைக்கவும் தெரியும். தெரியாமல் அனுப்புகிறவரால்தான் அடுத்தவர் மானம் போகிறது.

என் கருத்து இதுதான். படத்தை முதலில் பெயின்ட்டில் வெட்டி, புதுப் பெயரில் சேமித்து, அதன் பிறகு வேர்டில் சேருங்கள். ஏற்கெனவே சேர்த்திருந்தால், ‘கம்ப்ரெஸ் பிக்சர்ஸ்’ போய், வெட்டிய பகுதியை நீக்கும் கட்டத்தில் டிக் போட்டுச் சேமியுங்கள். அனுப்புவதற்கு முன் நீங்களே ஒருமுறை பிரித்துப் பாருங்கள். அடுத்தவர் ஃபைலில் மறைத்தது கண்ணில் பட்டால் மூடிவிட்டு, அனுப்பியவரிடம் மட்டும் சொல்லுங்கள்.

லேப் பீரியடில் படம் ஒட்டக் கற்றுத் தருகிறார்கள். இதையும் ஒரு நாள் கற்றுத் தர வேண்டும் என்று ஆசிரியர்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

அந்தப் படம் மலரில் வருகிறது. இந்த முறை நிஜமாகவே வெட்டியிருக்கிறோம். வெட்டியது என் தோழிதான்.

– 9ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி