ஈரத்தை விட்டுவிட்டு மரத்துக்கு விஷம் எதற்கு?

கன்னியாகுமரி மாவட்டத்தில் வீடு கட்டுகிறவர் காதில் தவறாமல் விழும் பேச்சு ஒன்று உண்டு: ரசாயன மருந்து ஏற்றாத மரம் இந்த மழைக்கு நிற்காது. அதற்குச் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

“விஷம் இல்லாவிட்டால் மக்கித்தான் போகும்.”

செம்பும் குரோமியமும் ஆர்சனிக்கும் சேர்ந்த சி.சி.ஏ. மருந்தை டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் சோந்தி காமேசன் உருவாக்கியது 1933-இல். தக்கலை அருகே பத்மநாபபுரம் கொட்டாரம் அதற்கு முன்பே நூற்றாண்டுகளைக் கடந்துவிட்டது. 1795-இல் தலைநகர் அங்கிருந்து திருவனந்தபுரத்துக்குப் பெயர்ந்த பிறகும் அதன் மரவேலை நிற்கிறது. ஆர்சனிக் அச்சத்தால், வீட்டுப் பயன்பாட்டு மரங்களில் சி.சி.ஏ. ஏற்றுவதை அமெரிக்கத் தொழில்துறை 2003 இறுதியோடு நிறுத்திக்கொண்டது.

“அது அந்தக்கால மரத்தின் மகிமை.”

பாதி உண்மை. தேக்கு, அயினி, பலா இவற்றின் வைரத்தில் காளானை எதிர்க்கும் சத்து இயல்பாகவே உண்டு. வெளிச்சுற்றிலுள்ள வெள்ளையில் அது இல்லை. வெள்ளையை நீக்காமல் அறுத்தால் அந்தக்கால மரமும் இற்றுப்போகும். அந்த மரங்களோ இன்றும் இங்கே வளர்கின்றன.

“இரண்டு பருவமழை பெய்கிற ஊரில் ஈரத்தைத் தடுக்க முடியாது.”

மழையைத் தடுக்க வேண்டியதில்லை. ஈரம் மரத்துக்குள் தங்காதிருந்தால் போதும். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் மரத்தை மக்கவைக்கும் காளான் வளராது. பழைய ஓட்டு வீட்டில் இறவாரம் தாழ்ந்து நீள்கிறது. தூண் மண்ணில் ஊன்றாமல் கல்மேல் நிற்கிறது. கழுக்கோல்களுக்கிடையே காற்று ஓடுகிறது. நனைந்தது காய்ந்துவிடுகிறது. நிலைக்காலின் அடியைச் சிமெண்டுக்குள் புதைத்தால் உறிஞ்சிய ஈரம் வெளியேற வழியில்லை. முதலில் இற்றுப்போவதும் அந்த இடம்தான்.

“எண்ணெய் பூசுவது வெறும் நம்பிக்கை.”

கடற்கரையில் வள்ளங்களுக்கு மீனெண்ணெயும் முந்திரிக்கொட்டை ஓட்டெண்ணெயும் பூசியது பலன் கண்டுதான். ஓட்டெண்ணெயின் பீனால் வகைப் பொருள்கள் காளானையும் பூச்சியையும் தடுக்கின்றன. காய்ந்த எண்ணெய் நீர் புகுவதைக் குறைக்கிறது. ஆனால் ஏற்கெனவே உள்ளே பரவிய காளானை மேல்பூச்சு கொல்லாது. பூச்சையும் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும்.

“இயற்கை மருந்தென்றால் தீங்கே இல்லை.”

இது ரசாயனம் வேண்டாம் என்னும் நம் பக்கத்தவர் செய்யும் தவறு. அதே ஓட்டெண்ணெய் தோலைப் புண்ணாக்கும். முந்திரி ஆலைகளில் கொட்டை உடைக்கும் பெண்களின் கைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கையுறையின்றி அதைத் தொடக்கூடாது. வெங்காரக் கரைசல் மனிதருக்குத் தீங்கு குறைந்தது, காளானுக்கு எதிரி. ஆனால் தண்ணீரில் கரைந்து போகும். கூரைக்குள் இருக்கும் கழுக்கோலுக்கு அது பொருந்தும், மழை அடிக்கும் வாசல் கதவுக்குப் பொருந்தாது.

மண்ணில் புதையும் கம்பத்துக்கும் கடல்நீரில் நிற்கும் தூணுக்கும் வலிய மருந்து தேவைப்படலாம். பிள்ளைகள் கைபடும் கதவுக்கும், தலைக்குமேல் இருக்கும் உத்தரத்துக்கும் அது வேண்டாம். ஆசாரியிடம் எந்த மருந்து என்று கேட்கும் முன், இந்த மரத்தில் தண்ணீர் எங்கே தேங்கும் என்று கேளுங்கள்.